காலை எந்தப் பக்கம் நீட்டுவது

எங்கள் வீட்டில் காலை நீட்ட நான்கு பக்கமும் வழியில்லை. வீடு சின்னது என்பதால் அல்ல. ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். ஆனாலும் ஒருத்தி மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைப்பதற்குத் தாராளமாக இடம் இருந்தது. திசைதான் கிடைக்கவில்லை.

கிழக்குச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். அதன் கீழே சின்னப் பலகையில் மாதா சுரூபம், மெழுகுவத்தி, காகிதப் பூ. அந்தப் பக்கம் காலை நீட்டுகிறவள் நேரே நரகத்துக்குப் போவாள் என்பது என் மாமியாரின் கட்சி. வடக்கே தெருவாசல், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கும்படி ஒரு பெண்பிள்ளை காலைத் தூக்கிக்கொண்டு கிடக்க முடியாது. தெற்கே காலை வைத்தால் தலை வடக்கே போய்விடும். வடக்கே தலை வைப்பதில் ஒன்றுமில்லை என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்தார். என் மாமியார் அந்தப் பிரசங்கத்தைப் பக்தியோடு கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தெற்கே தலை வைத்துத் தூங்கினார்.

மேற்குச் சுவரில் என் மாமனார் படம். காலமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் சேலத்து ஸ்டூடியோவில் எடுத்தது. இரவல் கோட்டு போட்டுக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு என் மாமியார் நின்றிருப்பார். இருந்தாலும் நாங்கள் எல்லோரும் அதை மாமனார் படம் என்றே சொன்னோம். செத்துப்போன பெரிய மனிதருக்கு நேராக மருமகள் காலைக் காட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

டாக்டரம்மாவோ, ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரம், இடது காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார். வைக்காவிட்டால் என் கணுக்கால் புண் ஆறாது. புண் ஆறாவிட்டால் எனக்கு ஐந்தாம் வகுப்பு இல்லை.

இது அறுபதுகளின் தொடக்கத்தில். சேலத்தில் கோயிலை ஒட்டிய பெண்கள் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பிறந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் மல்லசமுத்திரத்துப் பக்கம்; லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மிச்ச நாளெல்லாம் வீட்டில் நானும் அத்தையும் இரண்டு குழந்தைகளும். அத்தை என்றால் மாமியார். ஜவ்வரிசி மில்லில் அடுப்பின் மேல் இருக்கும் பெரிய இரும்புத் தட்டில் ஜவ்வரிசி வறுக்கிற வேலை அவருக்கு. காலையில் போய் நின்றால் பொழுதோடுதான் திரும்புவார். கால் கீழே நெருப்பில், தலை மேலே புகையில். அப்படி வேலை செய்துவிட்டு வந்தும் அலுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்கள் பள்ளியிலும் நிற்பதுதான் மரியாதை. வகுப்புக்கு வகுப்பு நாற்காலி உண்டு. அதன்மேல் வருகைப் பதிவேடு உட்கார்ந்திருக்கும். "டீச்சர் உட்கார்ந்தால் பிள்ளைகள் தூங்கும்" என்பார் மதர். அவர்தான் தலைமையாசிரியை, கன்னியாஸ்திரீ. நானும் அந்த நாற்காலியை மனதாரக் கேவலமாக நினைத்தவள்தான். மேடைமேல் ஒரே இடத்தில் நட்ட கம்பம் மாதிரி ஆறு மணி நேரம் நின்று பின்னக் கணக்கு நடத்துவதில் எனக்கு அவ்வளவு திமிர்.

அந்தத் திமிருக்குக் கால் பதில் சொன்னது. மூத்தவள் பிறந்த பிறகு முழங்காலுக்குப் பின்னால் ஊதா நிறத்தில் மெல்லிய கோடுகள் தோன்றின. பேனா கசிந்து நோட்டில் ஓடின மை மாதிரி. வலி ஒன்றுமில்லை, அழகாகக்கூட இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். இளையவன் பிறந்தபின் கெண்டைக்காலில் பச்சையாக ஒரு கயிறு புடைத்து வளைந்து வளைந்து கணுக்கால்வரை இறங்கியது. சாயங்காலமானால் கால் ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பேறி அரிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் தலை குனிந்து எழுதும்போது நான் அடிஸ்கேலைச் சேலைக்குள் விட்டுச் சொறிவேன். ஒருநாள் பெஞ்சு முனை இடித்தது. அந்தக் காயம் ஆறவே இல்லை. நாலணா அளவு இருந்தது எட்டணா அளவானது.

எனக்குப் பயம் வந்தது. பயத்துக்குக் காரணம் உண்டு. ஆத்தூரில் என் சின்னம்மா ஒருத்தி ஆறாத காலோடு பதினோரு வருடம் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை சின்ன வயதில் எனக்கு. நாற்றம் தாங்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன்; டம்ளரை எட்ட வைத்துவிட்டு ஓடிவருவேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். என் புண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து, வெட்கத்தில் சாகலாம் போல் இருக்கும்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு சனிக்கிழமை காலைக் காட்டினேன். அவர் டயரைப் பார்க்கிற மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புடைத்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது டியூப் பொடச்சிருக்குது புள்ளே. டயர் வலுவா இல்லீன்னா டியூப் வெளிய பொடைக்கத்தான் செய்யும். மேல டயர் ஒண்ணு போட்டுட்டாச் செரியாப் போயிரும்."

சொன்னதோடு நிற்கவில்லை. பழைய லாரி டியூப் ஒன்றை எடுத்து இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, ஒட்டாமல் இருக்க என் முகப் பவுடரில் பாதி டப்பாவைக் கொட்டித் தடவினார். திங்கட்கிழமை காலை முழங்காலுக்குக் கீழே இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, அங்கிருந்து கணுக்கால்வரை சுற்றிவிட்டார். "இனி மெட்ராசுக்கே நடந்து போலாம்" என்றார். நானும் நம்பினேன். எங்கள் வீட்டில் எந்தச் சாமான் உடைந்தாலும் டியூப் துண்டால்தான் கட்டுவோம். குடையிலிருந்து தண்ணீர்க் குழாய்வரை எல்லாம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் மணியில் நான் நகரும்போதெல்லாம் சேலைக்குள் கிரீச் கிரீச் என்று சத்தம். இரண்டாம் மணியில் வெயில் ஏறியதும் வாசனை. முன்பெஞ்சுப் பிள்ளை ஒன்று எழுந்து, "டீச்சர், எங்கியோ டயர் கருகுற நாத்தம் வருதுங்க" என்றது. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், வேறென்ன செய்வது. மத்தியானம் கால்விரல்கள் கத்தரிக்காய் நிறமாகிவிட்டன. பாதம் எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி மரத்துப்போனது. வீட்டுக்கு வந்து பிரித்தபோது கால் முழுக்கக் கொப்புளம், அதன்மேல் கறுப்பு. அத்தை பார்த்துவிட்டு வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"ஏஞ்சாமி, பஞ்சர் ஒட்டாம உட்டுட்டியே" என்று மகனைக் கேட்டார். என் வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு மறுநாள் லோடுக்குப் போகவில்லை. என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா டியூப் துண்டை மேசைமேல் விரித்து வைத்து, நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேரும் சிரித்து முடிக்கிறவரை நாங்கள் காத்திருந்தோம். பிறகு அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "யோசனை சரிதான், ரப்பர்தான் தப்பு. கட்டினதும் தலைகீழ்" என்றார். முழங்காலில் இறுக்கிவிட்டுக் கீழே வந்தால் ரத்தம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். விரலில் தொடங்கி மேலே போகவேண்டும், மேலே போகப்போக இறுக்கம் குறையவேண்டும்.

ஊரில் எல்லோரும் இதை நரம்புச் சுருட்டல் என்பார்கள். இது நரம்பே இல்லை, ரத்தக் குழாய் என்றார் டாக்டரம்மா. நெஞ்சிலிருந்து காலுக்கு இறங்குகிற ரத்தம் மறுபடி மேலே ஏறவேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை பிழிந்து அதை மேலே தள்ளும். தள்ளினது கீழே விழாமல் இருக்கக் குழாய்க்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள். ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் சதை பிழியாது, ரத்தம் தேங்கும், குழாய் விரியும், கதவு சேராது. பிள்ளைப்பேறு அதை இன்னும் மோசமாக்கும். சிலருக்குப் பிறவியிலேயே குழாய் பலவீனம்.

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "வால்வுங்களா? ஒருபக்கம் உடும், மறுபக்கம் உடாது. வால்வு லூசாயிருச்சுங்க, அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. "வால்வை மாத்த முடியாதுங்களா?" என்று இவர் கேட்டபோது மட்டும், குனிந்து என் காலைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

முழங்காலுக்குப் பின்னால் இருந்த ஊதாக் கோடுகளைப் பார்த்து, அது வெறும் தோல்மேல் இருக்கிற சின்னக் குழாய்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். புண்தான் கவலை. உப்புத் தண்ணீரில் கழுவி மருந்துத் துணி வைக்கவேண்டும். காலையில் எழுந்திருக்கும் முன்பே, இழுத்தால் நீளுகிற கிரேப் துணிப்பட்டியைச் சுற்றவேண்டும். நடக்கலாம், உட்காரலாம், நிற்கக் கூடாது. எண்ணெய் போட்டு உருவக் கூடாது. சேந்தமங்கலம் சந்தையில் கொல்லிமலை மூலிகைத் தைலம் என்று விற்றதை அத்தை ஒரு புட்டி வாங்கி வைத்திருந்தார். அது அன்றோடு பக்கத்து வீட்டு வண்டி மாட்டுக்குப் போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மூன்று அரைமணி நேரம். ஆறு வாரத்தில் புண் மூடவேண்டும். இல்லாவிட்டால் மெட்ராசுக்குப் போய் அறுவை. தொடையில் குழாயைக் கட்டி, நீளமாக உருவி எடுத்துவிடுவார்கள்.

மதரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கணக்கானவர். "அரையாண்டுத் தேர்வுவரை பார்ப்போம். அதற்குள் ஆறாவிட்டால் தையல் அறைக்குப் போ" என்றார். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. எங்கள் பள்ளியில் தையல் அறை என்பது டீச்சர்களை மறந்துபோவதற்கென்று கட்டின இடம். அங்கே போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. தையல் அறையில் ஒரு முக்காலியும், மாட்டுக் கொட்டகையில் ஒரு சாக்கும் என் மனதில் ஒன்றாகிவிட்டன.

ஆக, காலைத் தூக்கியே ஆகவேண்டும். எந்தப் பக்கம்?

முதலில் மூலைக்கு மூலையாகப் படுத்துப் பார்த்தேன், வடக்குக்கும் இல்லாமல் கிழக்குக்கும் இல்லாமல். அத்தை ஆண்டவர் படத்துக்குக் கீழே நின்று, அங்கிருந்து என் கால்வரை கண்ணால் ஒரு கோடு போட்டார். "ஆண்டவருக்கு ஓரக்கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா, அம்மிணி?" என்றார். சமையலறைக்குப் போனேன். "சோத்துப் பானைக்கு நேராவா?" என்றார். எனக்குச் சட்டென்று கோபம் வரும். "அப்போ கூரையில தொங்கட்டுங்களா, அத்தே?" என்று கேட்டுவிட்டு அரைநாள் பேசாமல் இருந்தேன். எங்கள் வீட்டில் அரைநாள்தான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் யாருக்காவது உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டி வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். லாரியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, என்னைப் பின்பலகை வழியாக ஏற்றினார். சரக்கு இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குக் காத்திருந்த காலி வண்டி. இரண்டு பஞ்சு மூட்டையைச் சாய்த்துப் போட்டு, "இங்க எந்தச் சாமியும் இல்ல, எங்கப்பாவும் இல்ல. எந்தப் பக்கம் வேணுமோ நீட்டிக்க" என்றார். மேலே வானம். மூட்டைமேல் கால். சாயங்காலக் காற்று உள்ளங்காலில் பட்டது. குழந்தைகளும் ஏறி வந்து என் இரண்டு பக்கமும் படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டன. எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் பட்டப்பகலில் நான் படுத்து வானத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்று நாள் நான் ராணி மாதிரி கிடந்தேன். நாலாம் நாள் என் கட்டில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் புறப்பட்டுப் போய்விட்டது. திரும்பிவர இரண்டு வாரம் ஆகும்.

பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது பங்குச் சாமியாரிடமே கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒன்று கேட்டது. "சீடர்களுடைய காலைக் கழுவினவர் அம்மா அவர். உன் காலைப் பார்க்க அவருக்கு என்ன கூச்சம்?" என்றார். வெற்றியோடு வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன்.

"அது அவரு குனிஞ்சு கழுவுனாரு. நீ படுத்துக்கிட்டு நீட்டுற" என்றார் அத்தை.

இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது புண் அதே எட்டணாதான். ஆறு வாரத்தில் மூன்று போய்விட்டது. டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "காலைத் தூக்குகிறாயா இல்லையா?" என்று கேட்டார். நான் நாலு திசையையும் விவரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மூன்று வாரம் பாக்கி" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்தூர்ச் சின்னம்மாதான்.

அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து புண்ணைக் கழுவிவிட்டுப் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் மறைத்தது. கை நழுவிப் பட்டிச் சுருள் தரையில் உருண்டு, விரிந்துகொண்டே போய், வாசலில் அப்போதுதான் மில்லிலிருந்து வந்து நுழைந்த அத்தையின் காலடியில் நின்றது.

அதுவரை நான் கட்டு மாற்றும்போதெல்லாம் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார். அருவருப்பு என்று நினைத்திருந்தேன். அன்று சுருளை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தார். புண்ணைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்து, விரல் இடுக்கில் தொடங்கி, குதிகாலை ஒரு சுற்று வாங்கி, பாதிக்குப் பாதி மேலேறும்படி, ஒரு சுருக்கம் விழாமல் முழங்கால்வரை கட்டி முடித்தார். நர்ஸ்கூட அப்படிக் கட்டியதில்லை.

"எப்படித் தெரியும் அத்தே?" என்று கேட்டேன்.

அவர் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து சேலையைக் கொஞ்சம் உயர்த்தினார். இரண்டு காலிலும் துணிச் சுற்று. மில்லில் மாவுப்பால் வடிகட்டிக் கிழிந்துபோன துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றியிருந்தார். அதைப் பிரித்தார். ஜேடர்பாளையத்தில் ஆற்றங்கரை மரத்து வேர்கள் மண்ணுக்கு வெளியே முறுக்கிக்கொண்டு கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தது அந்தக் கால். கணுக்காலைச் சுற்றித் தோல் கருத்திருந்தது. வலது காலில் என் புண்ணைவிடப் பெரிதாக ஒரு புண்.

"உன்ற ஊட்டுக்காரன் வயித்துல இருந்தப்ப வந்தது" என்றார், எப்போதும் பேசுகிற குரலில். "மூடும், தொறக்கும். துணியச் சுத்திக்கிட்டா நிக்கலாம்."

முப்பது வருடத்துக்கு மேல். ஒரே கூடத்தில் நான் ஆறு வருடமாக அவரோடு படுத்து எழுந்திருக்கிறேன். "ஏனுங்கத்தே, ஒருத்தருகிட்டயும் சொல்லலீங்களா?"

"ஆரு கேட்டா? கேட்டாத்தான சொல்றதுக்கு."

"மாமாகூடவா?"

அத்தை எழுந்துபோய்ப் பாயை எடுத்து வந்தார். கிழக்கே தலைமாடு, மேற்கே கால்மாடு என்று விரித்தார். மாமனார் படத்துக்கு நேர் கீழே இரண்டு தலையணையை அடுக்கிச் சுவரோரம் வைத்தார்.

"இக்கட்டால நீட்டு, அம்மிணி" என்று மேற்குச் சுவரைக் காட்டினார்.

"அத்தே, மாமா படம்..."

"இருக்கட்டும். அவரு குந்தீட்டுத்தான இருக்காரு. சித்தெ பாக்கட்டும்."

நான் படுத்தேன். காலைத் தூக்கிச் சுவரில் வைத்தேன். ஒரு நிமிடம் கழித்துப் பக்கத்தில் முனகல் சத்தம் கேட்டது. அத்தையும் படுத்து, சேலையைக் கணுக்காலில் செருகிக்கொண்டு, தன் இரண்டு காலையும் என் காலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்தார். மேலே மாமனார் இரவல் கோட்டோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனம்மிணி, ரத்தம் எறங்குறது நல்லாத் தெரியுதே" என்றார் அத்தை ஆச்சரியமாக. கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கிப்போனார். அவர் விளக்கு வைப்பதற்கு முன் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சடங்கானது. நான் பள்ளிக்குப் போகும்முன், வந்தபின், சோறு உண்டபின். சாயங்கால வேளையை மட்டும் அத்தை மில்லிலிருந்து வந்ததும் செய்வார். காலை மேலே போட்டுக்கொண்டு அவர் பேசிய பேச்சு எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. மேஸ்திரி வழுக்கி மாவுத் தொட்டிக்குள் விழுந்து வெள்ளையாக எழுந்து வந்தது, வறுத்த ஜவ்வரிசியைத் திருட்டுத்தனமாக வாயில் போட்டு நாக்கு வெந்தது. நின்றுகொண்டிருந்தபோது வாய் திறக்காதவர், படுத்தபின் நிறுத்தவே மாட்டேன் என்றார். ஆத்தூர்ப் பேச்சை நையாண்டி செய்வார். நான் மல்லசமுத்திரத்துப் பேச்சைப் பேசிக்காட்டுவேன். செபமாலையை மட்டும் எழுந்து முழங்காலிட்டுத்தான் சொல்லவேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

பம்பாய் லாரி ஒரு சாயங்காலம் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். அவருடைய அப்பா படத்துக்குக் கீழே சுவரில் வரிசையாக எட்டுக் கால். குழந்தைகளும் சேர்ந்துகொண்டிருந்தன.

"என்னடா பாக்குற?" என்றார் அத்தை, தலையைத் திருப்பாமல். "கிளட்ச் மிதிச்ச காலுதான உன்றதும்? கழுவிட்டு வந்து நீட்டு."

அவர் அம்மாவின் காலைப் பார்த்தார். பிரித்த துணிச் சுருளைப் பார்த்தார். முகம் என்னவோ ஆயிற்று. "அம்மா, இது எப்பத்துல இருந்து?" என்று கேட்டார். "இப்பவாச்சும் கேட்டியே" என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் கால் கழுவப் போனவர் வெகுநேரம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தார்.

பள்ளியில் டாக்டரம்மாவின் கடிதத்தை மதரிடம் கொடுத்தேன். நிற்கக் கூடாது, நடக்கலாம் என்று எழுதியிருந்தது. மதர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "நடந்துகொண்டு பாடம் நடத்த முடியுமா?" என்று கேட்டார். நடத்திக் காட்டினேன். ஜன்னலிலிருந்து கதவுவரை, கதவிலிருந்து ஜன்னல்வரை. நாற்பது தலைகள் என்னோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பின. சேட்டைக்காரிகளுக்குத்தான் கஷ்டம், டீச்சர் எந்த நேரத்தில் எந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பாள் என்று தெரியாமல் போயிற்று. மதரும் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் நாலாம் வகுப்பு டீச்சரும் நடக்கத் தொடங்கினாள்.

ஆறாம் வாரம் டாக்டரம்மா துணியை விலக்கியபோது புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். நான் நாற்காலியிலிருந்து குதிக்கப் பார்த்தேன்; அவர் பிடித்து உட்காரவைத்தார். குழாய் அப்படியேதான் இருக்கும், பட்டியும் கால் தூக்கலும் ஆயுசுக்கும் உண்டு என்றார். எனக்கு அது ஒன்றும் தண்டனையாகத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு எனக்கே. பிறகு என்னோடு வந்திருந்த அத்தையைப் பார்த்து, "நீங்க யாருக்குத் துணை?" என்று கேட்டார். "ஆரு ஆருக்குத் துணைன்னு தெரியலீங்க" என்று சொல்லிக்கொண்டே அத்தை சேலையை உயர்த்தினார். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார், அந்தக் காலைக் கிட்டத்தில் பார்ப்பதற்காக. அறுவை செய்துகொள்கிறீர்களா என்று கேட்டதற்கு, "இத்தன வருசம் என்னத் தூக்குன காலுங்க, புடுங்க மாட்டேன்" என்றார். மில்லில் கேட்டு, வறுக்கிற தட்டிலிருந்து மாறி, களத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கும் வேலைக்கு வந்தார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் அவர் புண்ணும் மூடியது.

ஈஸ்டர் பூசை முடிந்து, புதுத்துணியோடு என் வீட்டுக்காரர் எங்களை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலை, குளம், அன்னம் எழுதின திரைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி. போட்டோக்காரர் வழக்கப்படி ஏற்பாடு செய்தார்: "ஐயா உட்காருங்க. அம்மா இந்தப் பக்கம், டீச்சர் அந்தப் பக்கம் நில்லுங்க. குழந்தைங்க முன்னால."

அத்தை நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். "நாங்க நின்னது போதுமுங்க. எம்மருமவளுக்கு இன்னொண்ணு கொண்டாங்க" என்றார்.

இன்னொன்று கிடையாது என்றார் போட்டோக்காரர். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார். எதிர் டீக்கடையிலிருந்து ஒரு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நடுவில் போய் நின்றார். படத்தில் அவருக்கு மூச்சு வாங்குவது தெரியும்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மேற்குச் சுவரில் பழைய படத்துக்குப் பக்கத்தில் அவரே ஆணியடித்து மாட்டினார். அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாயை விரித்துக் கொஞ்சம் சிரமப்பட்டுப் படுத்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு, இரவல் கோட்டு போட்டவரைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா, குந்தீட்டேன்."